மலைக்கும் டவுனுக்கும் நடுவில் ஒரு விசில்

கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் சாப்பிடத்தான் போனேன். என் மனைவி சாந்தியின் தம்பி பாலு, கச்சிராயபாளையத்தில் புது வீடு கட்டி முடித்திருந்தான். அக்காவும் மாமாவும் மலேசியாவிலிருந்து வந்து நின்றால்தான் பால் காய்ச்சுவேன் என்று போனில் ஒரே அடம். நான் சுங்கை சிப்புட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் எனக்கும் விடுமுறை. கிளம்பிவிட்டோம். வேட்டி சட்டைக்கு நடுவில் என் விசிலையும் கார்டுகளையும் மறக்காமல் வைத்துக்கொண்டேன். சனி ஞாயிறுகளில் எங்கள் வட்டாரக் காற்பந்து ஆட்டங்களுக்கு நான்தான் நடுவர்.

"விருந்துக்குப் போறப்ப போலீஸ்காரன் லத்தி எடுத்துக்கினு போற மாதிரி இருக்கு" என்றாள் சாந்தி. எங்கள் ஊருக்கு வாழ வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கோபமோ கிண்டலோ வந்தால் மட்டும் அவள் பேச்சு நேரே கச்சிராயபாளையத்துக்குப் போய்விடும்.

முதல் நாள் பால் காய்ச்சியதும் பந்தியில் உட்கார வைத்தார்கள். ஒரு வடையை நான் முடிப்பதற்குள் இலையில் இரண்டு வடை விழுந்தது. போதும் என்று கையை விரித்து மறைத்தால் கைமேலேயே கேசரியை வைத்தார் பரிமாறியவர். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நாமே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். போதும் என்று தோன்றினால் திரும்பி வந்துவிடலாம். இங்கே அந்தச் சுதந்திரம் கிடையாது. பக்கத்து இலைக்காரர் என்னை விசாரித்தார்.

"மலேசியாவுல இன்னா வேலைங்க?"

"பஸ் டிரைவர்."

"பஸ் ஓட்டவா அம்மாந்தூரம் போனீங்க? இங்கயே டவுன் பஸ்ஸு எவ்ளோ ஓடுது."

நான் போகவில்லை, பிறந்ததே அங்கேதான் என்று சொன்னேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி எனக்கு ஆறுதல் அளித்தார்.

கை கழுவும்போது பாலு மெல்லப் பக்கத்தில் வந்தான். அவனுக்குக் கள்ளக்குறிச்சியில் விளையாட்டுச் சாமான் கடை. "மாமா, ஒரு சின்ன ஒத்தாசை. விசில் எடுத்துக்கினு வந்திருக்கீங்களாமே. அக்கா சொல்லிச்சி" என்றான்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்தில் பெண்கள் காற்பந்து அணி இருப்பது இரண்டு கல்லூரிகளில் மட்டும். ஒன்று கள்ளக்குறிச்சி டவுனில், இன்னொன்று கல்வராயன் மலைமேல். வருஷத்துக்கு ஒரு ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடைப்பதில்லை. விசில் ஊதத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒன்று டவுன் கல்லூரியில் படித்தவர்கள், இல்லாவிட்டால் மலையில் பெண் எடுத்தவர்கள். போன முறை ஊதியவர் டவுனுக்கு மச்சான் முறை என்று மலைக்காரர்கள் கண்டுபிடித்தார்களாம். அதற்கு முந்தினவர் மலைத்தேன் பாட்டிலோடு இறங்கி வந்ததை டவுன்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். "நீங்க ரெண்டு பக்கமும் இல்ல. கடல் தாண்டி வந்த ஆளு. உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றான் பாலு.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈப்போவில் அடிதடி நடக்கும் ஆட்டங்களையே ஊதி அடக்கியவன் நான். கல்லூரிப் பிள்ளைகள் ஆட்டம் எம்மாத்திரம் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

கல்லூரி உள்ள ஊர்களுக்கு ஒரு பேர் இருக்கும். என் மகள் படிக்கும் தஞ்சோங் மாலிம் என்றால் வாத்தியார்களும் ஆவி பறக்கும் பாவ் ரொட்டியும்தான் நினைவுக்கு வரும். அது கௌரவமான பேர். கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெளியூருக்கு ஆடப் போனால், ஊர்ப் பேரிலேயே முதல் மூன்று எழுத்தை வைத்து, "கள்ளாட்டம் ஆடற ஊரு" என்று ஆரம்பித்துவிடுகிறார்களாம். அந்த வயிற்றெரிச்சலை அவர்கள் கொண்டுவந்து இறக்குவது மலைக்காரர்கள் தலையில். கல்வராயன் மலை என்றால் பத்திரிகையில் எப்போதும் ஒரே செய்திதான்: சாராயம், ஊறல், ரெய்டு. மலைமேல் கல்லூரி இருக்கிறது, பெண்கள் பந்து உதைக்கிறார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை என்று பாலு சொன்னான்.

இரண்டாம் நாள் மலைக் கல்லூரிக்குப் புது ஜெர்சி கொடுக்கப் பாலு கிளம்பினான். நானும் தொற்றிக்கொண்டேன். கோமுகி அணையைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் எனக்குள் இருந்த டிரைவர் விழித்துக்கொண்டான். "கியரைக் குறைடா, பாலு. ஏத்தத்துல நாலாவது கியர் போடாத" என்று இரண்டு முறை சொன்னேன். "எனுக்குத் தெரியும், மாமா" என்றான். அடுத்த வளைவில் காரின் மூக்கிலிருந்து புகை வந்தது. இறங்கி மூடியைத் திறந்து, இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நரைத்த மீசைக்காரர். பெயர் சடையன். கீழே சந்தைக்கு ஆள் ஏற்றிப் போய்த் திரும்புகிறார். ஜெர்சி மூட்டையைப் பார்த்ததுமே, "காலேஜுக்கா? ஏறுங்க. எம் பொண்ணு அலமேலுதான் கேப்டனு" என்றார். காரை ஓரம் கட்டிவிட்டு ஏறினோம். மனுஷன் ஓட்டிய அழகைச் சொல்லியே ஆக வேண்டும். கேமரன் மலைக்கு நான் எத்தனையோ தடவை பஸ் ஏற்றியிருக்கிறேன். இவரிடம் ஒரு மாதம் பயிற்சி எடுத்திருந்தால் இன்னும் நன்றாக ஓட்டியிருப்பேன்.

நான்தான் நாளைக்கு நடுவர் என்று பாலு சொன்னதும் சடையன் வேனின் வேகத்தைக் குறைத்தார்.

"போன வருசம் பொண்ணுங்க ஆடிக்கினு இருக்குது. செவுத்து மேல குந்திக்கினு பசங்க கத்தறானுங்க, ஒரு பாக்கெட் எவ்ளோன்னு. சாராயப் பாக்கெட்டு. வயசுப் பொண்ணுங்களப் பாத்து, சார். நான் வண்டியில குந்திக்கினு கேட்டேன். எம் பொண்ணு அழுவல. எனுக்குத்தான் தாங்கல."

பாலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஊர்ல பேசி முடிச்சிட்டோம். நாளைக்கு அந்தப் பேச்சு வந்துச்சின்னா வண்டிய ஸ்டார்ட் பண்ணிடுவேன். பொண்ணுங்கள ஏத்திக்கினு வந்துடுவேன். அப்பறம் ஒருத்தியும் பந்து ஆடக் கீழ எறங்க மாட்டா. அவ்ளோதான்."

வெள்ளிமலையில் அவர் மனைவி சின்ன டீக்கடை வைத்திருந்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார்கள். சாமையை நான் அதுவரை சாப்பிட்டதே இல்லை. உதிரி உதிரியாக, லேசாக, எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாமல் போனது. சாப்பிட்ட பிறகு, "அப்படியே ஒரு தண்ணி கலக்குங்க, அக்கா" என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் செம்பில் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பாலு அவசரமாக, "டீ, டீ கேக்கறாரு" என்றான். இஞ்சி தட்டிப் போட்ட டீ வந்தது. அடடா, என்ன டீ. இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜெர்சி மூட்டையை வாங்கிப் போக அலமேலு கல்லூரியிலிருந்து வந்தாள். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒல்லியான உடம்பு, கூர்மையான பார்வை. தடுப்பாட்டக்காரியாம். நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"சார், கத்தறவனுக்கு நீங்க கார்டு குடுப்பீங்களா?"

"கோட்டுக்கு வெளியில நிக்கிறவனுக்கு என்கிட்ட கார்டு இல்லம்மா."

"அப்ப அப்பா வண்டிய எடுத்துடும்" என்றாள். அவள் குரலில் புகார் இல்லை. நாளை மழை வரும் என்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆட்டம் ஒழுங்காக நடக்க வேண்டியது என் பொறுப்பு, ஒரு சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மூன்றாம் நாள் டவுன் கல்லூரித் திடல். இங்கே அதைக் கிரவுண்டு என்கிறார்கள். புல் கொஞ்சம், புழுதி நிறைய. எங்கள் ஊரில் ஆட்டம் நாலு மணி என்றால் நாலு மணிக்கு விசில். இங்கே முதலில் மைக்செட் வந்தது, பிறகு நாற்காலிகள், பிறகு சால்வைகள், கடைசியாகத்தான் பந்து. எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். அரைக்கால் சட்டைமேல் பொன்னாடையோடு நின்றேன். மதில்மேல் வரிசையாகப் பையன்கள். கோட்டுக்குப் பக்கத்தில் சடையனின் வேன், முன்பக்கம் வாசலைப் பார்த்தபடி நின்றது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"மலேசியாவிலிருந்து வந்திருக்கும் சர்வதேச நடுவர் அவர்கள் சில வார்த்தைகள் பேசுவார்கள்" என்று அறிவித்தார்கள். சர்வதேசம் எல்லாம் இல்லை, சுங்கை சிப்புட்தான். ஆனாலும் மைக்கைக் கொடுத்தால் விடுவேனா? மலைப் பிள்ளைகளின் மனம் குளிர நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"நேத்து நான் மலைக்குப் போயிருந்தேன். நம்ம கேப்டன் அலமேலு வீட்டுல, அவங்க அம்மா தண்ணி கலக்கிக் குடுத்தாங்க. அந்த மாதிரி தண்ணிய நான் எந்த நாட்டுலயும் குடிச்சதில்ல. ரெண்டு கிளாஸ் குடிச்சேன். எறங்கி வரும்போது மலைப்பாதையில ஒரு வளைவுகூடத் தெரியல."

மதில் வெடித்தது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்ப ஒரு பாக்கெட் எவ்ளோ?" என்று ஒருவன் கத்தினான். பத்துப் பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வாசகருக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் எங்களுக்குத் தண்ணி என்றால் டீ, காப்பி, மைலோ, சிரப், எல்லாம்தான். கடையில் உட்கார்ந்ததும் "என்ன தண்ணி?" என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணி கலக்காமல் அனுப்புவது மரியாதை இல்லை. தமிழ்நாட்டில் அந்த வார்த்தைக்கு வேறு வேலை என்று சாந்தி எப்போதோ சொல்லியிருக்கிறாள். நாக்கு அதை எல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளுமா?

வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஒரு சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றவன் நான். முதல் சத்தமே என் வாயால் வந்துவிட்டது. மலைப் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்ட ஆரம்பித்தார்கள். அலமேலு மட்டும் என்னிடம் வந்தாள்.

"சார், நேத்து எங்க வூட்ல இன்னா குடிச்சீங்க?"

"டீம்மா. இஞ்சி டீ. எங்க ஊர்ல அதத்தான் தண்ணின்னு சொல்வோம்."

"அத மைக்ல சொல்லுங்க."

சொன்னேன். "நீங்க நினைக்கிற தண்ணி இல்ல. எங்க நாட்டுல சின்னப் பிள்ளையில இருந்து எல்லாரும் தண்ணி குடிப்போம். எங்க அம்மா தினமும் காலையில தண்ணி குடுத்துத்தான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்புவாங்க."

சிரிப்பு இரண்டு மடங்கானது. வியர்த்துக் கொட்டியது எனக்கு. அந்த நேரத்தில்தான் ஒன்று உறைத்தது. யாரும் இப்போது பாக்கெட் என்று கத்தவில்லை. அவர்கள் பார்வை அலமேலுவை விட்டு என்மேல் திரும்பியிருந்தது. அவ்வளவுதானே, சிரியுங்கடா என்று நான் தொடர்ந்தேன். எங்கள் ஊரில் கோயில் திருவிழாவில் இலவசமாகத் தண்ணி கொடுப்பார்கள் என்றேன். பெண் பார்க்கப் போனால் பெண்ணே தண்ணி கலக்கிக் கொண்டுவருவாள் என்றேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதற்கு முன்னால் நான் இரண்டு தண்ணி குடித்தே ஆக வேண்டும் என்றேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டவுன் கல்லூரி முதல்வர் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மலைப் பிள்ளைகளில் ஒருத்தி பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். மைக்கை வைத்துவிட்டு விசிலை எடுத்து ஊதினேன்.

ஆனால் வேன் எஞ்சின் நிற்கவில்லை. சடையன் சிரிக்கவும் இல்லை. இன்னொரு சத்தம் வரட்டும் என்று அவர் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. முதல் பாதி முழுக்க டீசல் புகைக்குள்தான் ஓடினேன்.

ஆட்டம் என்றால் ஆட்டம். டவுன் பிள்ளைகள் பந்தைக் கைமாற்றுவது போலக் காலுக்குக் கால் மாற்றினார்கள். மலைப் பிள்ளைகளுக்கு அந்த நளினம் கம்மி. ஆனால் மூச்சு வாங்குவது என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. மலைதான் முதல் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு டவுன் கேப்டன் பர்வீன் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். சுருள்முடியைத் துணியால் இறுக்கிக் கட்டிய பெண். அவளும் அலமேலுவும் தோளோடு தோள் முட்டிய சத்தம் எனக்கே வலித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள், விழுந்தால் கை கொடுத்துத் தூக்கியும் விட்டார்கள்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பர்வீன் அடித்த பந்து கோலைப் பார்த்துப் போனது. அலமேலு பாய்ந்தாள். பந்து அவள் கையில் பட்டது. என் கண்முன்னால் பட்டது.

விசில் என் வாயில்தான் இருந்தது. இந்தப் பிள்ளைக்கு நான் செய்த காரியத்துக்கு இதைப் பார்க்காத மாதிரி விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. ஊதிவிட்டேன். பெனால்டி.

மதிலுக்கு உயிர் வந்துவிட்டது. "பாக்கெட் புடிச்ச கை, பந்த விடுமா?" என்று ஒரு குரல். போச்சு என்று நினைத்தேன். வேன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

பெனால்டி அடிக்கப் பந்தை வைத்திருந்த பர்வீன் அதைத் திரும்ப எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மதிலை நோக்கி நடந்தாள்.

"எவன்டா கத்துனது? எறங்கி வாடா."

ஒருவனும் அசையவில்லை.

"இவுங்க வண்டியேறிப் போயிட்டா நாங்க யார்கூட ஆடறது? உன்கூடயா? இருக்கறதே ரெண்டு டீமு. வாய மூடிக்கினு பாக்கறதுன்னா பாரு. இல்லாட்டி வூட்டுக்குப் போ."

நேரத்தைக் கடத்தியதற்காக மஞ்சள் கார்டு காட்டச் சட்டத்தில் இடம் உண்டு. என் கை சட்டைப்பைக்குப் போகவே இல்லை. அவள் திரும்பி வந்து பந்தை வைத்தாள். கோல்கீப்பரை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு மறு பக்கம் அடித்தாள். இரண்டுக்கு ஒன்று. டவுன் ஜெயித்தது.

கடைசி விசிலை ஊதிய பிறகுதான் எஞ்சின் சத்தம் இல்லை என்பதைக் கவனித்தேன். எப்போது நின்றதோ தெரியாது. சடையன் திடலுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார். நேரே என்னை நோக்கி. மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயார் செய்தேன். மைக்கில் பேசிக் காரியத்தைக் கெடுத்தவன் என்று நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"இன்னா சார் ஊதறீங்க?" என்றார். மீசை துடித்தது. "அது தோள்ல பட்டுச்சி. நான் பாத்துக்கினுதானே இருக்கேன். தோளுக்கு எந்த ஊர்ல பெனால்டி குடுக்கறாங்க?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் சண்டைக்கு வந்தது பாக்கெட் பேச்சுக்காக இல்லை, பெனால்டிக்காக. மனம் நிறைந்துவிட்டது. ஆனால் நடுவர் நடுவர்தான்.

"கைங்க. முழங்கைக்குக் கீழ" என்றேன்.

"தோளு."

"கைங்க."

"கடல் தாண்டி வந்துட்டா கண்ணு தெரியாதா? தோளு சார் அது." குரல் ஏறியது. கூட்டம் கூடியது. பாலு எங்கள் நடுவில் புகுந்து இருவரையும் சமாதானம் செய்யப் பார்த்தான். டவுன்காரர்கள் கை என்றார்கள், மலைக்காரர்கள் தோள் என்றார்கள்.

ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அலமேலு வந்தாள். முகமெல்லாம் புழுதி. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கைதாம்பா. வா, வண்டிய எடு."

சடையன் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற பர்வீனையும் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தவர், பாதியில் நின்று மகளிடம் திரும்பினார்.

"அடுத்த வருசம் கையக் கட்டிக்கினு ஆடு" என்றார்.